ஒரு குற்றத்துக்கு இரண்டு விசாரணையா?

துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு!

1948-ம் ஆண்டில் மலேயாவில் இருந்த சட்டம் இது. காடுகளில் கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் ஒளிந்திருந்து போராடினார்கள். வெள்ளைக்கார சர்க்கார் ஜூன் மாதத்தில் அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. அதன்படி, யாரையும் சுட்டுக் கொல்ல வேண்டியதில்லை. லைசென்சு இல்லாத துப்பாக்கி ஒருவன் கையில் இருந்தாலே போதும், மரண தண்டனை! தோட்டா இருந்தாலும் அதே தண்டனை!

அந்த ஆண்டு செப்டம்பர் மாதம், ஜோகூரில் ஒரு கைகலப்பு நடந்தது. அதில் படுகாயம் அடைந்து பிடிபட்டவர் பெயர் சாம்பசிவம்.

அவர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது. மற்றொன்று, தோட்டாக்கள் வைத்திருந்தார் என்பது. இரண்டில் எது ருசுவானாலும் தூக்குமேடைதான்.

விசாரணை நடந்தது. தோட்டாக் குற்றச்சாட்டில் அவர் நிரபராதி என்று தீர்ப்பாகி, விடுதலை கிடைத்தது. ஆனால் துப்பாக்கிக் குற்றச்சாட்டு தீரவில்லை. அதை மட்டும் புதிதாக விசாரிக்கும்படி உத்தரவாயிற்று.

அப்போது மலேயாவில் இருந்த நிலைமை என்ன தெரியுமா? 1949-ம் ஆண்டு மே மாதத்தில், தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி தூக்கிலிடப்பட்டார். தஞ்சைத் தரணியிலிருந்து சென்ற தமிழர் அவர். அவர் மீது சுமத்தப்பட்ட குற்றமும் இதேதான்: துப்பாக்கி வைத்திருந்தார் என்பது!

சாம்பசிவத்தை இரண்டாம் முறையாகக் கூண்டில் ஏற்றினார்கள். புதிய விசாரணையில் சர்க்கார் தரப்பு முக்கியமாக நம்பியது ஒரு வாக்குமூலத்தை. அது சாம்பசிவமே கொடுத்தது என்றார்கள். "துப்பாக்கியும் வைத்திருந்தேன், தோட்டாவும் வைத்திருந்தேன்" என்று ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது.

குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. மரண தண்டனை! அப்பீல் செய்தார், அங்கும் தோல்வி. கடைசி நம்பிக்கையாக வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று.

அங்கே என்ன நடந்தது? அதைச் சொல்லும் முன், அந்த வழக்கின் உயிர்நாடியாக இருந்த ஒரு சட்டச் சொல்லைத் தெரிந்துகொள்வோம்.

சதுரங்கத்தில் பிறந்த சொல்

"டபிள் ஜெபர்டி" என்று வக்கீல்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் "இரட்டை இடர்" என்கிறார்கள். ஒரே குற்றத்துக்காக ஒருவனை இரண்டு முறை கூண்டில் நிறுத்தி, இரண்டு முறை தண்டனை அபாயத்துக்கு ஆளாக்குவதுதான் இரட்டை இடர். அது கூடாது என்பது சட்டம்.

"ஜெபர்டி" என்ற சொல்லின் கதை சுவையானது. பழைய பிரெஞ்சு மொழியில் "பங்கிட்ட ஆட்டம்" என்று பொருள்படும் ஒரு தொடரிலிருந்து அது பிறந்தது. சதுரங்கப் பலகையில் இரு தரப்புக்கும் சமமாக வாய்ப்பு இருக்கும் நிலைக்கு அந்தப் பெயர். வெற்றியா தோல்வியா என்று நிச்சயம் இல்லாத நிலை அல்லவா? நாளடைவில் அதுவே "ஆபத்து" என்று பொருள் மாறிவிட்டது. கூண்டில் நிற்பவனுடைய நிலையும் அதுதானே!

"ஒரே காரணத்துக்காக ஒருவனை இரு முறை வருத்தலாகாது" என்பது லத்தீன் மொழியில் வழங்கும் பழைய நீதி வாக்கு. இதை இங்கிலாந்தின் சட்டம் இரண்டு வாதங்களாகப் பிரித்தது. "இதே குற்றத்துக்கு முன்பே விடுதலை பெற்றுவிட்டேன்" என்பது ஒன்று. "இதே குற்றத்துக்கு முன்பே தண்டனை பெற்றுவிட்டேன்" என்பது மற்றொன்று. கைதி இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லி நிரூபித்துவிட்டால், வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

இதற்காக நடந்த சண்டைகளும் உண்டு. 12-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ஹென்றி மன்னர், குற்றம் செய்த பாதிரிகளை மாதா கோவில் கோர்ட்டு விசாரித்துப் பதவி நீக்கம் செய்த பிறகு, தம்முடைய கோர்ட்டு தண்டிக்க வேண்டும் என்று 1164-ம் ஆண்டில் விதி செய்தார். கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் எதிர்த்தார். "கடவுளே ஒரு குற்றத்துக்கு இரு முறை தீர்ப்பளிப்பதில்லை, மன்னர் அளிக்கலாமா?" என்பது அவருடைய வாதம். பகை முற்றி, 1170-ம் ஆண்டில் பெக்கெட் தம் மாதா கோவிலுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்!

நம் நாட்டுச் சட்டம்

நம் அரசியல் சட்டம் 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன் 20-வது ஷரத்தின் இரண்டாம் பகுதி இந்த உரிமையைத் தருகிறது. ஒரே குற்றத்துக்காக எவரையும் ஒரு முறைக்கு மேல் வழக்குத் தொடர்ந்து தண்டிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. இது அடிப்படை உரிமை. சட்டசபைகூட இதற்கு மாறாகச் சட்டம் செய்ய முடியாது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "வழக்குத் தொடர்ந்து தண்டிக்க" என்று இருக்கிறது. அப்படியானால், வழக்குத் தொடர்ந்து விடுதலையானவன் கதி?

அவனைக் காப்பாற்றுவது குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1898-ம் ஆண்டுச் சட்டத்தில் 403-வது பிரிவு. 1973-ம் ஆண்டுச் சட்டத்தில் 300-வது பிரிவு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337-வது பிரிவு. எண் மாறியதே தவிர, உட்பொருள் மாறவில்லை. அதிகாரமுள்ள கோர்ட்டு ஒருவனை விசாரித்து, தண்டித்தாலும் சரி, விடுவித்தாலும் சரி, அந்தத் தீர்ப்பு அமுலில் இருக்கும் வரை அதே குற்றத்துக்காக அவனை மறுபடி விசாரிக்க முடியாது.

வேறு பெயர் சூட்டியும் விசாரிக்க முடியாது! சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. எஜமானின் பொருளைத் திருடியதாக ஒரு வேலைக்காரன் மீது வழக்கு. விடுதலையாகிவிட்டான். பிறகு அதே சம்பவத்தை வைத்துக்கொண்டு, "இது சாதாரணத் திருட்டு" என்றோ, "இது நம்பிக்கை மோசடி" என்றோ புதுப் பெயர் வைத்து அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

ஏன் இந்தப் பாதுகாப்பு? நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சர்க்கார். அதற்குப் போலீஸ் உண்டு, வக்கீல் உண்டு, பணம் உண்டு, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருக்கப் பொறுமை உண்டு. மறு பக்கம் ஒரு தனி மனிதன். வக்கீல் பீசுக்கு வீட்டை அடமானம் வைத்தவன். ஜெயித்து வீடு திரும்புகிறான். மறு மாதம் மறுபடி சம்மன் வந்தால்? அதிலும் ஜெயித்து, மூன்றாவது சம்மன் வந்தால்? ஒரு நாளாவது அவன் நிம்மதியாகத் தூங்க முடியுமா? தண்டனையே இல்லாமல், விசாரணையாலேயே ஒரு குடும்பத்தை அழித்துவிடலாம்!

லண்டன் சொன்ன தீர்ப்பு

இனி சாம்பசிவம் வழக்குக்குத் திரும்புவோம்.

துப்பாக்கிக் குற்றச்சாட்டை மறுபடி விசாரித்தது தவறா? அது தவறு அல்ல. அந்தக் குற்றச்சாட்டில் முதல் விசாரணை தீர்ப்பே சொல்லவில்லை. அதனால் மறு விசாரணை நடத்தலாம். அப்படியானால் தவறு எங்கே?

வாக்குமூலத்தில்தான்!

தோட்டா வைத்திருக்கவில்லை என்று கோர்ட்டு ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் இரண்டாவது விசாரணையில், "தோட்டாவும் வைத்திருந்தேன்" என்று சொல்லும் வாக்குமூலத்தை சர்க்கார் தரப்பு முழு உண்மை போல நீட்டியது. நீதிபதியோடு அமர்ந்திருந்த அசெசர்களுக்கு, தோட்டாக் குற்றச்சாட்டில் அவர் விடுதலையானவர், அந்த விடுதலைக்கு மாறாக சர்க்கார் பேச முடியாது என்ற விஷயம் எடுத்துச் சொல்லப்படவில்லை.

1950-ம் ஆண்டில் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் மக்டெர்மட் பிரபு. விடுதலை பெற்றவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்த விடுதலைத் தீர்ப்பு, அதே தரப்பினருக்குள் பின்னால் நடக்கும் எல்லா வழக்குகளிலும் கட்டுப்படுத்தும் என்றார் அவர்.

அதாவது, கோர்ட்டு "இல்லை" என்று சொன்னதை, வேறொரு வழக்கில் சர்க்கார் "உண்டு" என்று சாதிக்க முடியாது. வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய் என்று கோர்ட்டுத் தீர்ப்பே இருக்கும்போது, மற்றப் பாதியை நம்பி ஒரு மனிதனை எப்படித் தூக்கில் போடுவது?

தூக்குக் கயிறு சாம்பசிவத்தின் கழுத்துக்கு வரவில்லை.

மலேயாவில் பிறந்த அந்த வழக்கை நம் சுப்ரீம் கோர்ட்டும் பிற்பாடு ஏற்றுக்கொண்டது. பஞ்சாபைச் சேர்ந்த ஒரு வழக்கிலும், பின்னர் 1964-ம் ஆண்டில் மணிப்பூரைச் சேர்ந்த ஒரு வழக்கிலும் அதே நியாயம் நிலைநாட்டப்பட்டது.

எல்லாம் "இரண்டாவது விசாரணை" ஆகாது

"எனக்கு ஒரு முறை விடுதலை கிடைத்துவிட்டது, இனி என்னை யாரும் தொட முடியாது" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்! இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு.

1949-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி ஜெட்டாவிலிருந்து பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினார் மக்பூல் உசேன் என்பவர். தங்கம் கொண்டுவந்ததாக அவர் சொல்லவில்லை. சோதனை போட்டார்கள். 107 தோலாவுக்கு மேல் தங்கம்! நம் கணக்கில் சுமார் 156 சவரன். சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். 12 ஆயிரம் ரூபாய் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் மீட்கவில்லை.

1950-ம் ஆண்டில் அவர் மீது அன்னியச் செலாவணிச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். "தங்கத்தைப் பறித்ததே தண்டனை. மறுபடி வழக்கா?" என்று அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1953-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. சுங்க அதிகாரி நீதிபதி அல்ல. அவருடைய உத்தரவு கோர்ட்டுத் தீர்ப்பும் அல்ல. ஆகவே வழக்கு நடக்கலாம்!

அடுத்த ஆண்டிலேயே ஓர் ஐ.சி.எஸ். அதிகாரியின் வழக்கு வந்தது. லஞ்சப் புகாரில் அவர் மீது விசாரணை நடந்து, வேலை போய்விட்டது. பிறகு குற்றவியல் வழக்கும் வந்தது. அவரும் இரட்டை இடர் வாதத்தை எழுப்பினார். இலாகா விசாரணை வேறு, கோர்ட்டு விசாரணை வேறு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. உத்தியோகத்தில் இருப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

காயப்பட்டவன் பிறகு இறந்துபோனால்? கொடுங்காயம் ஏற்படுத்தியதாக ஒருவன் தண்டனை அடைகிறான். அதன் பின் காயம்பட்டவன் அந்தக் காயத்தாலேயே மரணமடைகிறான். அப்போது மரணத்தை விளைவித்த குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது.

வழக்கு முழு விசாரணைக்கு வராமல், "குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை" என்று ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டால், அதுவும் இந்தப் பிரிவின்படி விடுதலைத் தீர்ப்பு ஆகாது. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பி வரலாம்.

அப்பீல் என்பதும் இரண்டாவது விசாரணை அல்ல. அது முதல் விசாரணையின் தொடர்ச்சி. மேல் கோர்ட்டு விடுதலையை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டால், குறுக்கே நிற்க முடியாது. குஜராத்தில் 2002-ம் ஆண்டுக் கலவரத்தின்போது வடோதராவில் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டு 14 பேர் மாண்டார்கள். சாட்சிகள் பல்டி அடித்தார்கள். 2003-ம் ஆண்டில் குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை! மறு ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து செய்து, வழக்கை மராட்டியத்தில் புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது. 2006-ம் ஆண்டில் மும்பை கோர்ட்டு 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் 5 பேரை 2012-ம் ஆண்டில் மும்பை ஐகோர்ட்டு விடுவித்தது. 4 பேருடைய தண்டனையை உறுதி செய்தது.

ஒரு தாயின் போராட்டம்

இவ்வளவு நேரம் கூண்டில் நிற்பவனுடைய நியாயத்தைப் பார்த்தோம். பறிகொடுத்தவர்களின் நியாயம் என்ன?

இங்கிலாந்தின் வடகிழக்கே பில்லிங்காம் என்று ஓர் ஊர். அங்கே 1989-ம் ஆண்டு நவம்பர் மாதம் 22 வயது இளம் பெண் ஒருத்தி காணாமல் போனாள். போலீசார் அவள் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. 1990-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அந்த வீட்டுக்குள் வீசிய நாற்றத்தைத் தொடர்ந்து போய், குளியல் தொட்டியின் பக்கப் பலகையை விலக்கிப் பார்த்தாள் அவள் தாய் ஆன் மிங். உள்ளே மகளின் பிணம்!

ஓர் ஆள் மீது கொலை வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. மறு விசாரணை நடந்தது. அதிலும் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. அவன் விடுதலையானான்.

வேறு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, 1999-ம் ஆண்டில், அவனே சிறை அதிகாரியிடம் உண்மையைக் கக்கிவிட்டான்: "நான்தான் கொன்றேன்!"

ஆனால் என்ன செய்வது? கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை பெற்றவன் அவன். கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்த குற்றத்துக்காக 6 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அதற்கு மேல் சட்டம் இடம் தரவில்லை.

தாய் விடவில்லை. மந்திரிகளைப் பார்த்தாள், பத்திரிகைகளிடம் முறையிட்டாள். கறுப்பின இளைஞன் ஸ்டீபன் லாரன்ஸ் கொலையை ஆராய்ந்த மக்பர்சன் விசாரணைக் குழுவும் இந்தச் சட்டத்தை மாற்றுவது பற்றி யோசிக்கும்படி 1999-ம் ஆண்டில் கூறியிருந்தது. 2003-ம் ஆண்டில் சட்டம் திருந்தியது. கொலை போன்ற கொடிய குற்றங்களில், புதிய, வலுவான சாட்சியம் கிடைத்தால், அப்பீல் கோர்ட்டின் அனுமதியோடு விடுதலையானவனையும் மறுபடி விசாரிக்கலாம் என்று ஆயிற்று.

புதிய சட்டத்தின்படி முதன்முதலில் தண்டனை அடைந்தவன் அந்த ஆள்தான். 2006-ம் ஆண்டில் கொலையை ஒப்புக்கொண்டான். ஆயுள் தண்டனை! மகளைப் பிணமாகக் கண்ட நாளிலிருந்து 16 ஆண்டுகள் அந்தத் தாய் காத்திருந்தாள்.

நீங்கள் செய்ய வேண்டியது

நம் நாட்டில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. விடுதலைத் தீர்ப்பு முடிந்த முடிவாகிவிட்டால், பிறகு புதுச் சாட்சி கிடைத்தது என்று வழக்கைத் திறக்க முடியாது. ஆகையால் பறிகொடுத்தவர்கள், "கோர்ட்டு விட்டுவிட்டது, விதி" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. முன்பெல்லாம் அப்பீல் செய்ய சர்க்காரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 2009-ம் ஆண்டில் அமுலுக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர்களே அப்பீல் செய்யும் உரிமையைத் தந்தது. புதிய சட்டத்திலும் அது நீடிக்கிறது. கெடு முடிவதற்குள் வக்கீலைப் பாருங்கள்.

விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மறுபடி அதே குற்றத்துக்காக உங்களை அழைத்தால், வாயால் சொன்னால் போதாது. முந்திய வழக்கின் தீர்ப்பைக் காட்ட வேண்டும். குற்றம் ஒன்றுதான், கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தது, தீர்ப்பு இன்னும் அமுலில் இருக்கிறது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். விசாரணை தொடங்கும்போதே இந்த வாதத்தை எழுப்புவது நல்லது.

ஆகவே, விடுதலையான சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். கோர்ட்டில் மனுப் போட்டு, சான்றிட்ட தீர்ப்பு நகல் ஒன்றை வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

சாம்பசிவத்துக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது, தோட்டா வழக்கில் கிடைத்த அப்படியொரு விடுதலைத் தீர்ப்புதான்.